ஆங்கிலத்தை அளந்த கோல்கள்

பக்கத்து ஃபிளாட்டுப் பெண் போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் சால்வையும் கையில் லேப்டாப்புமாக வந்து நின்றாள். "மாமா, என் ஐயெல்ட்ஸ் வேலிடிட்டி முடிஞ்சுபோச்சு. அட்மிஷனுக்குத் திரும்ப எழுதணுமாம்" என்றாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். எல்.கே.ஜி.யிலிருந்து எம்.எஸ்ஸி. வரை ஆங்கில வழிப் படிப்பு. வீட்டில் தமிழ், மெட்ரோவில் இந்தி, மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம். முதல் தடவை எழுதியபோது நல்ல மதிப்பெண்தான் வாங்கினாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் அந்த வருஷம் வெளிநாடு போக முடியவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ரெண்டு வருஷத்துல இங்கிலீஷ் ஊசிப்போயிடுமா என்ன?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மொழிப் பழக்கம் விட்டுப்போனால் திறமை குறையலாம், அதனால்தான் மதிப்பெண்ணுக்கு இரண்டாண்டு ஆயுள் என்று தேர்வு நடத்துபவர்கள் சொல்கிறார்கள். தினமும் ஆங்கிலத்திலேயே வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது எப்படிப் பொருந்தும்?

'வேலிடிட்டி' என்றால் நம் ஊரில் காலாவதித் தேதி. செல்போன் ரீசார்ஜுக்கும் அதே சொல்தான். கல்வியியல்காரர்களோ இதே சொல்லை வேறு பொருளில் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடநூல்களில் அதற்கு 'ஏற்புடைமை' என்று பெயர். ஒரு தேர்வு எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்ற கேள்வி அது. நம்பகம் என்பது வேறு. பால்மானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாலில் பத்து தடவை விட்டாலும் ஒரே அளவுதான் காட்டும், ஆகவே நம்பகமானது. ஆனால் தண்ணீர் விட்ட பாலில் கொஞ்சம் சர்க்கரையைக் கலந்துவிட்டால் அடர்த்தி ஏறி, 'நல்ல பால்' என்றே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. அது அளப்பது அடர்த்தியை. நாம் தெரிந்துகொள்ள நினைப்பது சுத்தத்தை. ஆங்கிலத் தேர்வுகளின் கதை முழுவதும் இந்த இடைவெளியின் கதைதான் என்பது என் எண்ணம்.

மதராஸ் வாசல்

பல்கலைக்கழக வாசலில் ஆங்கிலத்தை நிறுத்திவைத்து ஆளை உள்ளே விடுவது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1857-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கியபோதே நுழைவுத் தேர்வும் கூடவே வந்துவிட்டது. மதராஸில் அதற்கு மெட்ரிகுலேஷன் என்று பெயர். கணிதம், சரித்திரம், பூகோளம், இன்னொரு மொழி என்று எத்தனை இருந்தாலும் ஆங்கிலம் கட்டாயம். மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் கற்றவர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். அந்தத் தாமோதரம் பிள்ளைதான் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் 1887-ல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலப் பரீட்சையில் தேறி வந்தவர் தமிழுக்குச் செய்த காரியம் இது. சொல்லாமல் விட மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன்.

அந்த வாசல் சரியாக வேலை செய்ததா? அறுபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைச் சாட்லர் குழு கேட்டது. 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை ஆராய அமைத்த குழு அது. 1919-ல் அறிக்கை தந்தது. மெட்ரிகுலேஷன் தேறி வரும் மாணவர்களில் மிகப் பலருக்கு ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையைப் பின்தொடரும் அளவுக்கு ஆங்கிலம் இல்லை என்று அது கண்டது. பரீட்சையில் பாஸ், வகுப்பில் திகைப்பு. பாடத்தை நெட்டுருப் போட்டுத் தேறிவிட முடிந்தது. அதாவது, தகுதி போதாதவர்களை வாசல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

இது ஒரு வகைத் தவறு. இன்னொரு வகை, தகுதியுள்ளவரை வெளியே நிறுத்துவது. அதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டாம். கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் போய்ச் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. பரீட்சை, அதிலும் தோல்வி. நியாயமாகச் சொல்வதானால் ஆங்கிலம் மட்டும் அவரைத் தடுக்கவில்லை. கணக்கைத் தவிர வேறெதையும் அவர் படிக்க மாட்டேன் என்றிருந்தார், உடற்கூறு உட்பட. ஆனாலும் முதல் சறுக்கல் ஆங்கிலத்தில்தான். கல்லூரிக் கல்வி அத்துடன் முடிந்தது. 1912-ல் மதராஸ் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

1913 ஜனவரியில் அதே ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில்தான் எழுதினார். நண்பர்கள் திருத்திக் கொடுத்திருக்கலாம் என்பதுண்டு, இருக்கட்டும். ஹார்டிக்குப் புரிந்தது, அதுதான் விஷயம். அதன் பிறகு மதராஸ் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. தன் வாசல் திருப்பி அனுப்பியவரைத் தானே பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துக்கொண்டது. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார், 1916-ல் அங்கே ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம், 1918-ல் எஃப்.ஆர்.எஸ்.

ராமானுஜன் கதையை நாம் எல்லா மேடையிலும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். எனக்கு உறுத்துவது வேறு. அவர் ஒருவர் நமக்குத் தெரிகிறார், ஏனென்றால் ஒரு கடிதத்தை ஒருவர் பிரித்துப் படித்தார். அதே தாளில் தவறி ஊருக்குத் திரும்பிய மற்றவர்களில் யார் யார் என்னவாகியிருப்பார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உள்ளே வந்து திணறுபவன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். அவனைப் பற்றிக் குழு போடுகிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். வெளியே நின்றவன் யார் கண்ணிலும் படுவதில்லை.

12 மணி நேரம், மூன்று பேர்

ராமானுஜன் கடிதம் போய்ச் சேர்ந்த அதே 1913-ல், அதே கேம்பிரிட்ஜில், இன்னொரு சம்பவம். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களுக்கென்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு முதல் முறையாக ஒரு தேர்வு நடத்தியது. பெயர், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ். மொத்தம் 12 மணி நேரம்! பிரெஞ்சு அல்லது ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்திலிருந்து அந்த மொழிக்கு மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், கடைசியில் சொல்வதெழுதலும் உரையாடலும். எழுதியவர்கள் மூன்று பேர். தேறியவர் ஒருவரும் இல்லை.

சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் அந்தத் தேர்வு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஆசிரியருக்காகச் செய்தது. ஆங்கில ஆசிரியருக்கு இலக்கணமும் ஒலியியலும் வேண்டும்தானே. அந்த வகையில் அதற்கு ஓர் ஏற்புடைமை இருந்தது. ஆனால் 1930-களின் இறுதியில் அதே சான்றிதழ் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் ஏற்கப்பட்டது. ஒரு காரியத்துக்குச் செய்த கருவியை இன்னொரு காரியத்துக்கு எடுத்துக்கொள்வது அப்போதே தொடங்கிவிட்டது.

இனி அமெரிக்கா. அங்கே தேர்வு பிறந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, குடியேற்ற அலுவலகத்தில் என்றே சொல்லலாம். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் நாடுவாரியாகக் கோட்டா வைத்தது. மாணவர்களுக்கு மட்டும் கோட்டாவிலிருந்து விலக்கு. விலக்கு என்று ஒன்று இருந்தால் அதன் வழியாக யார் யாரோ வருகிறார்கள் என்ற சந்தேகமும் வரும். வருபவன் நிஜமாகவே படிக்கத்தான் வருகிறானா, பாடம் கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கல்லூரிப் பதிவாளர்கள் கவலைப்பட்டார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் காலேஜ் போர்டு 1930-ல் ஓர் ஆங்கிலத் தேர்வை நடத்தியது. பொருளாதார மந்தக் காலம். கட்டணம் கட்டி எழுத ஆளில்லை. சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

யுத்த காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் முன்னுக்கு வந்தது. 1941-ல் சார்லஸ் ஃப்ரீஸ் அங்கே ஆங்கில மொழி நிறுவனம் தொடங்கினார். அவருடைய மாணவர் ராபர்ட் லாடோ மொழியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கும் முறையை வளர்த்தார். இந்த ஒலியையும் அந்த ஒலியையும் பிரித்துக் கேட்கிறானா, இந்த இடத்தில் எந்த வினைவடிவம் வரும் என்று தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. திருத்துவது சுலபம், யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண். 1961-ல் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் ஜான் கரோல் என்ற உளவியலாளர் இதை மறித்தார். துண்டுகளை அளந்தால் போதாது, ஒருவர் மொத்தமாகப் புரிந்துகொண்டு பேசி எழுதுவதை அளக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த மாநாட்டிலிருந்து பிறந்ததுதான் டோஃபல். ஃபோர்டு, டான்ஃபோர்த் அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. முதல் தேர்வு 1964-ல். அடுத்த ஆண்டே எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸும் காலேஜ் போர்டும் பொறுப்பேற்றன. கரோலின் வாதம் என்னவாயிற்று என்கிறீர்களா? உலகம் முழுவதும் ஒரே நாளில் எழுதும் தாளை இயந்திரம்தான் திருத்த வேண்டும். இயந்திரத்துக்குப் புள்ளியைக் கறுப்பாக்கத்தான் தெரியும். எழுத்துத் திறன் என்றே ஒரு பகுதி இருந்தது, ஆனால் அதில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம்! கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். கட்டுரை எழுதும் தாள் தனியாக வந்தது 1986-ல். எல்லோரும் பேசியே ஆக வேண்டும் என்றானது 2005-ல் இணைய வழித் தேர்வு வந்தபோது. நாற்பது ஆண்டுகள், பேசாமலே ஒருவர் ஆங்கிலத்தில் தேறியவர் ஆகலாம். எங்கள் தலைமுறையில் அமெரிக்கா போன பலர் அப்படிப் போனவர்கள்தான். போய்ப் பேசக் கற்றுக்கொண்டார்கள், நன்றாகவே.

பத்தில் ஒரு பங்கு

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. காமன்வெல்த் நாடுகளிலிருந்து வரும் மாணவர்களுக்காக ஆலன் டேவிஸ் என்ற மொழியியலாளர் 1960-களில் ஒரு தேர்வு செய்தார். பிரிட்டிஷ் கவுன்சில் அதைப் பயன்படுத்தியது. 1980-ல் அதற்குப் பதிலாக வந்தது இன்னும் லட்சியத்தோடு. மருத்துவம் படிக்கப் போகிறவனுக்கு மருத்துவ ஆங்கிலம், தொழில்நுட்பத்துக்குத் தொழில்நுட்ப ஆங்கிலம் என்று துறைக்கு ஒரு தாள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடைமுறையில் தாள் செய்வதும் ஒப்பிடுவதும் பெரும்பாடு. மண்ணியல் படித்தவன் எந்தத் துறைத் தாளை எழுதுவது? 1989-ல் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஐயெல்ட்ஸ் ஆனபோது துறைகள் மூன்றாகச் சுருங்கின. 1995-ல் அதுவும் போய், எல்லோருக்கும் ஒரே கல்வித் தாள்.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1980-ல் வந்த அந்தத் தேர்வு உண்மையில் என்ன சொல்கிறது என்று எடின்பரோவில் கிளைவ் கிரிப்பரும் அதே ஆலன் டேவிஸும் ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கும் படிப்பில் கிடைத்த முடிவுக்கும் உள்ள ஒட்டுறவு சுமார் 0.3. சாதாரண பாஷையில்: மாணவர்களிடையே படிப்பு முடிவில் தெரியும் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் ஆங்கில மதிப்பெண் விளக்குகிறது. மிச்சம் ஒன்பது பங்கு? பாட அறிவு, உழைப்பு, பணக் கஷ்டம், குளிர், தனிமை, நல்ல வழிகாட்டி கிடைப்பது, கிடைக்காமல் போவது.

இதை வைத்துக்கொண்டு 'தேர்வே தண்டம்' என்று கூவக் கூடாது. இங்கே ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது. போலீஸ் வேலைக்குக் குறைந்தபட்ச உயரம் வைக்கிறார்கள். தேர்வான கான்ஸ்டபிள்களை மட்டும் நிறுத்தி, உயரமானவர்தான் நன்றாக வேலை பார்க்கிறாரா என்று பார்த்தால் பெரிய சம்பந்தம் தெரியாது. குள்ளமானவர்களைத்தான் முதலிலேயே அனுப்பிவிட்டோமே! உயரம் உதவுகிறதா இல்லையா என்று அந்த வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதுபோலத்தான் இதுவும். ஆங்கிலம் ரொம்பக் குறைந்தவர்கள் சேரவேயில்லை என்பதால் 0.3 என்பது தேர்வின் பலத்தைக் குறைத்தும் காட்டியிருக்கலாம். ஆனால் இதே நுணுக்கம் மறுபக்கமும் வெட்டும். கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர்களைச் சேர்த்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதும் தெரியாது. மறுபடியும் அந்தக் கும்பகோணத்துப் பையன் பிரச்சினைதான்.

ஏற்புடைமை என்பது தேர்வுத் தாளுக்குள் இருக்கும் குணம் அல்ல, மதிப்பெண்ணுக்கு நாம் தரும் பொருளிலும் அதை வைத்து எடுக்கும் முடிவிலும் இருப்பது என்று 1989-ல் விரிவாக எழுதியவர் சாமுவேல் மெஸிக். அவர் வேலை பார்த்தது டோஃபல் நடத்தும் அதே நிறுவனத்தில் என்பது குறிப்பிடத்தக்கது. தேர்வு செய்கிறவர்கள் எச்சரிக்கையாகத்தான் பேசுகிறார்கள். மதிப்பெண்ணில் அளவைப் பிழை உண்டு என்று தாங்களே அச்சிடுகிறார்கள். 120-க்கு மதிப்பெண் போட்ட டோஃபலில் அது ஐந்தாறு புள்ளி. சேர்க்கை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கோ 99 என்றால் 99, 100 என்றால் 100. கோட்டை வைத்தவர் ஒருவர், கோலைச் செய்தவர் இன்னொருவர். கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

இதன் உச்சம் 2014-ல் பிரிட்டனில் நடந்தது. டோயிக் என்றொரு தேர்வு, அலுவலக ஆங்கிலத்துக்காக 1979-ல் ஜப்பானில் தொடங்கியது. பிரிட்டன் அதை மாணவர் விசாவுக்கும் ஏற்றுக்கொண்டிருந்தது. சில மையங்களில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பேசுவதை பி.பி.சி. 2014 பிப்ரவரியில் படம் பிடித்துக் காட்டியது. குரல் ஒப்பீட்டு மென்பொருளை வைத்துச் சோதித்ததில், 2011 முதல் 2014 வரை அங்கே எழுதிய 58 ஆயிரத்துச் சொச்சம் தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று முடிவு சொன்னார்கள். கொஞ்சம் நில்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! மோசடி நடந்தது நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைக் கேட்டால் பரீட்சைத் தாள் திருத்திய எவனுக்கும் புருவம் உயரும். ஆயிரக்கணக்கானோர் விசா ரத்தாகிப் படிப்பு பாதியில் நின்றது. அதில் நம் நாட்டுப் பிள்ளைகளும் நிறைய. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சிலவற்றில் மாணவர் ஜெயித்தார், சிலவற்றில் அரசு. நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 2019-ல், குற்றமற்றவர்கள் சிக்கியிருக்க வாய்ப்புண்டா என்று உள்துறை போதிய அக்கறையோடு பார்க்கவில்லை என்று எழுதியது.

2020-ல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியபோது, அதுவரை தயங்கிய பல்கலைக்கழகங்கள் பலவும் வீட்டிலிருந்தே எழுதும் டுவோலிங்கோ தேர்வை ஏற்றுக்கொண்டன. அதுவரை 'எங்கள் தரத்துக்கு இந்தத் தேர்வு ஒன்றுதான்' என்றவர்கள் சில வாரங்களில் மனம் மாறினார்கள். ஆசனங்கள் காலியாக இருந்தால் கோல்கள் வளையும் போலிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. சில பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே போதுமென்று ஏற்கின்றன. தனித் தேர்வு வேண்டாம். ஆனால் சி.பி.எஸ்.ஈ., ஐ.எஸ்.சி.க்கு ஒரு மதிப்பெண், மாநில போர்டுகளுக்கு அதைவிடக் கூடுதல், சில மாநில போர்டுகள் பட்டியலிலேயே இல்லை. ஒரே குடும்பத்தில் தில்லியில் படித்த அண்ணன் பிள்ளைக்கு விலக்கு, ஊரில் படித்த தம்பி பிள்ளைக்குப் பதினையாயிரத்துக்கு மேல் கட்டித் தேர்வு என்று நேரலாம். விண்ணப்பத்துக்கு முன்பே அந்தந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் போர்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் சான்றிதழை ஏற்கும் இடங்களும் உண்டு. பக்கத்து ஃபிளாட்டுப் பெண் கேட்டுப் பார்த்தாள்; அவள் சேர விரும்பும் இடத்தில் ஏற்கவில்லை.

போன வாரம் கட்டுரைப் பயிற்சித் தாளைக் கொண்டுவந்தாள். நகரங்களில் கார்களைக் குறைக்க வேண்டுமா என்பது தலைப்பு. நடுப்பகுதி நன்றாக இருந்தது. தில்லிப் புகையைப் பற்றி அவளே யோசித்து எழுதியது, படிக்கும்போதே மூச்சு முட்டியது. ஆனால் முதல் நான்கு வரி கோச்சிங் சென்டர் கொடுத்த ரெடிமேட் வரி, கார்களுக்கும் பொருந்தும், கல்யாணத்துக்கும் பொருந்தும். சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது எதுக்கும்மா? நேரா விஷயத்துக்கு வாயேன்" என்றேன்.

"நீங்க சொல்ற மாதிரி எழுதினா ரிஸ்க் மாமா. போன பேட்ச்ல ஒருத்தி சொந்தமா எழுதி ஆறுதான் வாங்கினா. எனக்கு ஆறரை வேணும்" என்றாள். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு புதுத் தாளை எடுத்து, நான் அடித்த நான்கு வரிகளையும் மனப்பாடமாக மறுபடி எழுதிக்கொண்டாள்.